கரை போட்ட தோல் பை

என் வாழ்நாளில் நான் என் கையால் செய்து முடித்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு தோல் பை. பன்னிரண்டு நாள் பாடுபட்டுச் செய்தேன். பதினான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு அது முதன்முதலாக உபயோகத்துக்குக் கிளம்பியது. பத்தரை மணிக்கு அதைப் பை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

தொழில் தெரிந்தவர்கள் எதையும் தொடுவதற்கு முன் பத்துத் தடவை யோசிப்பார்கள். ஒன்றும் தெரியாதவனுக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. யோசனை என்ற சங்கதி என் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத காலம். (இப்போது மட்டும் பார்க்கிறதா என்று என் மனைவி கேட்கிறாள். அவள் பேசுவதற்கு இந்தக் கட்டுரையில் நிறைய இடம் வைத்திருக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.)

அறுபதுகளின் தொடக்கம். நாங்கள் உறையூர்க்காரர்கள். அப்பா நெசவாளி, வீட்டுக்குள்ளேயே இரண்டு தறி. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுப் பாலக்கரையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். வருகிற மூட்டைக்கு நம்பர் போட வேண்டும், போகிற மூட்டைக்கும் நம்பர் போட வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். அதற்கே எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தறிக்குழியில் காலை விடுவது என் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைத்தேன். ஆனால் யாராவது துணியைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், "நாங்க உறையூராக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போய் நிற்பேன். ஒரு முழம் நெய்யத் தெரியாது. நெய்கிறவர் பிள்ளை என்ற ஒரே தகுதியில், உலகத்திலுள்ள நூல், துணி, சாயம் எல்லாவற்றுக்கும் என்னை நானே ஜட்ஜாக நியமித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆனி மாசத்தில் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. பெண் ஸ்ரீரங்கம், பெயர் தனலட்சுமி. அவள் அப்பா சித்திரை வீதியில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தார். என் அப்பாவிடம் சேலை எடுக்க வந்து போய்ப் பழகி, அப்படியே சம்பந்தமும் ஆனது. கல்யாணம் ஆவணியில் என்று முடிவு செய்தார்கள்.

தனலட்சுமி டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலைக்குக் காத்திருந்தாள். கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். கல்யாணம் ஆனாலும் தங்கைகள் படிப்பை நான்தான் பார்ப்பேன் என்று நிச்சயத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். அவளுக்கு ஒருவழியாக இன்டர்வியூ கார்டு வந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. ஆடிப் பெருக்குக்கு மறுநாள், கண்டோன்மென்டில் கல்வி அதிகாரி ஆபீஸுக்கு, அசல் சர்டிபிகேட்டுகளோடு வர வேண்டும். அந்த வேலையை நம்பி அந்த வீடே இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் நான் செய்த காரியத்தை.

ஆடிப் பெருக்கு அன்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்குச் சேலை கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். எனக்கு அது அவமானமாகப் பட்டது. தறிக்காரன் வீட்டிலிருந்து ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்குச் சேலையா? அந்தப் பெண் பிறந்ததிலிருந்து சேலையைத் தவிர வேறெதைப் பார்த்திருப்பாள்? எங்கள் ஆபீஸுக்கு மாதம் ஒருமுறை மெட்ராஸிலிருந்து ஒரு மேனேஜர் வருவார். அவர் கையில் ஒரு தோல் பை இருக்கும். அதை அவர் மேஜைமேல் 'பொத்'தென்று வைத்தால் ஆபீஸே எழுந்து நிற்கும். தனலட்சுமி அப்படி ஒரு பையோடு இன்டர்வியூவுக்குப் போனால் அதிகாரியே எழுந்து நிற்க மாட்டாரா? சரி, கடையில் வாங்கலாம். ஆனால் கடையில் வாங்கிக் கொடுப்பதில் என்ன பெருமை? அந்த வாரம் ஒரு பத்திரிகையில் 'நீங்களே செய்யலாம்' என்று அரைப் பக்கம் போட்டிருந்தான். அந்த அரைப் பக்கத்தையும் நான் பாதிதான் படித்தேன்.

பெரிய கடை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் காதர் பாய் தோல் வியாபாரம் செய்துவந்தார். கடைக்குள் நுழைந்ததும் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை வாசனை மூக்கில் ஏறியது. பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன செய்யப் போறீங்க தம்பி?"

"பை. சர்டிபிகேட் வச்சு எடுத்துட்டுப் போற மாதிரி."

"முன்ன செஞ்சு பழக்கம் உண்டா?"

"நாங்க உறையூர்."

கேட்டதற்கும் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று பாய் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்து போய் ஒரு தோலை எடுத்து வந்து என் முன்னால் போட்டார். கனமாக, விறைப்பாக இருந்தது.

"இது முதுகுத் தோல். பைன்னா இதுதான் நிக்கும். வெட்டின ஓரம் பாருங்க, எவ்வளவு இறுக்கமா இருக்கு. தேய்க்கத் தேய்க்கப் பளிச்சுன்னு வரும்."

நான் அதை விரலால் சுண்டிப் பார்த்தேன். கதவுப் பலகையைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது. உதட்டைப் பிதுக்கினேன். மூலையில் வேறொரு தோல் சுருட்டிக் கிடந்தது. அதை நானே எடுத்து விரித்தேன். ஆகா, என்ன குழைவு! பட்டைப் பார்க்கிற மாதிரி கையில் கசக்கிப் பார்த்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து இழை ஓட்டம் பார்த்தேன். (தோலில் இழை! எழுதும்போதே கை கூசுகிறது.) கடைசியில் தோள்மேல் போட்டு மடிப்பு எப்படி விழுகிறது என்றும் பார்த்தேன். கடையில் இருந்த இரண்டு செருப்புத் தைக்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ரசனையில் சொக்கிப் போயிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"அது வயித்துத் தோல் தம்பி. செருப்புக்கு உள்பக்கம் ஒட்டறதுக்கு வாங்கிட்டுப் போவாங்க. இழுத்தா வரும். வந்தா திரும்பிப் போகாது."

"எவ்வளவு மிருதுவா இருக்கு பாருங்க பாய்."

"மாட்டு வயிறு மிருதுவாத்தான் இருக்கும்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை என்று எனக்குத் தெரியுமே. அதைக் காட்டிக்கொள்ள வேண்டாமா?

"இதுல பாவு எந்தப் பக்கம் பாய், ஊடை எந்தப் பக்கம்?"

"அதை மாட்டைத்தான் கேக்கணும்" என்றார் பாய்.

சிரிக்காமல் சொன்னார். அதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று இப்போது புரிகிறது. நான் வயிற்றுத் தோலைத்தான் எடுத்தேன். பாய் அதைச் சுருட்டிக் கட்டிக்கொண்டே கடைசியாக ஒரு முறை முயன்று பார்த்தார்.

"ஓரத்தை மட்டும் பாத்துக்குங்க. தோல் வேலையில பாதி வேலை ஓரந்தான். மூலையைக் கத்தியால மெலிசா சீவிடணும். லேசாத் தண்ணி தொட்டு, மரக்கட்டையால சூடு ஏறுற வரைக்கும் தேய்க்கணும். பிசிறெல்லாம் படிஞ்சதுக்கு அப்புறம் தேன்மெழுகு. மெழுகு ஒரு உருண்டை தரட்டுமா?"

"ஓரத்தைப் பத்தி உறையூர்க்காரனுக்கா சொல்றீங்க? கரை போடறது எங்க பரம்பரைத் தொழில் பாய்!"

"சரிங்க தம்பி. அல்லா பாத்துக்கட்டும்" என்றார். எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்துத் தோலை வெட்டினேன். குழைவான தோல் அல்லவா, கத்தரிக்கோல் ஒரு பக்கம் போனால் தோல் இன்னொரு பக்கம் போனது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாதவை போல இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டினேன். வெட்டியதில் மற்றது நீட்டிக்கொண்டது. அதையும் வெட்டினேன். பெரிய பையாக ஆரம்பித்தது மூன்றாம் நாள் நடுத்தரப் பையாக ஆகியிருந்தது. தைப்பதற்குத் தறி நூல் இருக்கவே இருக்கிறது. குத்தூசியால் ஓட்டை போட்டு, ஒற்றை நூலால் தைத்தேன். மெழுகு தடவிய இரட்டை நூல் வேண்டும் என்று அந்தப் பத்திரிகைக்காரன் போட்டிருந்தானாம், நான் படிக்காத பாதியில்.

அப்பா தறியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா அது?"

"பை."

"யாருக்கு?"

"தனலட்சுமிக்கு."

"அந்தப் பொண்ணு உனக்கு என்னடா பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு மறுபடி தறி நாடாவை ஓட்டப் போய்விட்டார்.

ஓரந்தான் பாக்கி. வயிற்றுத் தோலின் ஓரம் இறுக்கமாக இருக்காது. வெட்டிய இடமெல்லாம் பொசுபொசுவென்று பிசிறு எழுந்து நின்றது. பிசிறை எப்படி அடக்குவது என்று எனக்கா தெரியாது? நூலில் பிசிறு அடங்க எங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? கஞ்சி போடுவார்கள். அரிசிக் கஞ்சியில் கொஞ்சம் கடலை எண்ணெய் விட்டு, பிரஷ்ஷால் பாவு முழுக்கத் தடவிவிடுவார்கள். நூல் கம்பி மாதிரி நிற்கும். அதே கஞ்சி, அதே எண்ணெய், அதே பிரஷ். பையின் நான்கு ஓரத்துக்கும் தாராளமாகத் தடவினேன். முதல் பூச்சைத் தோல் குடித்துவிட்டது. இரண்டாவது பூசினேன். ஐந்தாவது பூச்சில்தான் அதற்குத் தாகம் தீர்ந்தது.

"டேய், கஞ்சி நூலுக்குடா" என்றார் அப்பா. "அதுவும் தறியில நெய்யற வரைக்குந்தான். தண்ணியில போட்டா கரைஞ்சு போயிடும். போகணும்னுதான் அதைப் போடறதே."

"நீங்க பேசாம இருங்கப்பா. இது வேற டெக்னிக்."

டெக்னிக் அதோடு முடியவில்லை. கரை என்றால் நிறம் வேண்டாமா? சாயப் பட்டறையிலிருந்து அரக்குச் சாயம் ஒரு கிண்ணம் வாங்கி வந்தேன். நூலுக்குச் சாயம் ஏற்றினால் கொதிக்கவைத்து, ஆற்றி, தண்ணீர் வெள்ளையாக வரும்வரை அலசி அலசிக் காயப்போடுவார்கள். நான் தடவினேன், காய்ந்தது, முடிந்தது. பட்டறைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வீணாக அலசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. கடைசியில் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு ஓரத்தை அழுத்தித் தேய்த்தேன். சூடு பட்டதும் தோல் சுருங்கி, பையின் வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது. ஆனால் பளபளப்பு! கஞ்சியும் எண்ணெயும் சாயமும் சேர்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் என் முகம் தெரிந்தது. எப்படிப்பட்ட முகம் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஆடிப் பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் எள் போட இடமில்லை. காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட்டு, சித்திரான்னம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா சேலையைத் தட்டில் வைத்துத் தனலட்சுமியிடம் கொடுத்தாள். (அம்மா எனக்குத் தெரியாமல் சேலையும் கொண்டுவந்திருந்தாள். மகனை அவளுக்குத் தெரியும்.) சேலைக்கு மேலே நான் பையை வைத்தேன்.

மாமா, அதாவது தனலட்சுமியின் அப்பா, முதலில் கரையைத்தான் தொட்டுப் பார்த்தார். ஜவுளிக்காரர் கட்டைவிரல் வேறெங்கே போகும்?

"கரை நல்லா எடுப்பா இருக்கு மாப்ள. சாயம் நிக்குமா?"

"உறையூர்ச் சாயம் மாமா! முழுக்க என் கையாலயே செஞ்சேன்."

தனலட்சுமி பையைக் கையில் எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள்.

"கஞ்சி வாசனை வருதே?" என்றாள்.

நிச்சயமான பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். காதல் கதைகளில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் படித்ததில்லை.

"புதுசுல அப்படித்தான் இருக்கும். நாளைக்கு இன்டர்வியூவுக்கு இதுலதான் சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துட்டுப் போகணும்."

"நாளைக்கு மஞ்சப் பையிலயே எடுத்துட்டுப் போறேங்க. இதை அப்புறமா வச்சுக்கறேன்."

"மஞ்சப் பையா? காய்கறி வாங்கவா போறே? அதிகாரி என்ன நினைப்பாங்க?"

"அசல் சர்டிபிகேட்டுங்க. அதான் பயமா இருக்கு."

"அதுக்குத்தானே தோல் பை!"

"மாப்ள ஆசையா செஞ்சிருக்காரும்மா" என்று மாமாவும் சேர்ந்துகொண்டார். பாவம், புது மாப்பிள்ளை மனசு நோகக்கூடாது என்று அவருக்குக் கவலை. தனலட்சுமி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு "சரி" என்றாள்.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. அதிகாரி எழுந்து நிற்பதை நேரில் பார்க்க வேண்டாமா? தனலட்சுமி வெளுப்பான நூல் சேலையில், தோளில் என் பையோடு, மாமாவுடன் வந்தாள். திருச்சியில் ஆடியில் காற்று அடிக்கும், மழை வராது. அன்றைக்கு வந்தது. பெரிய மழை இல்லை, சாரல்தான். பஸ் ஜன்னல்களில் படுதாவும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் ஏறும்போது பை அவள் இடுப்பளவில் தொங்கியது. காவிரிப் பாலம் தாண்டும்போது தொடைக்கு வந்துவிட்டது. கண்டோன்மென்டில் இறங்கும்போது முழங்காலுக்கும் கீழே ஆடிக்கொண்டிருந்தது. ஈரமும் கனமும் சேர்ந்து, வயிற்றுத் தோலில் வெட்டிய தோள் வாரை இழுத்துக்கொண்டே போயிருக்கின்றன. பாய் சொன்ன மாதிரியே வந்தது, திரும்பிப் போகவில்லை. கஞ்சி கரைந்து கொழகொழவென்று ஆகிவிட்டது. அவள் சேலையில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை அரக்கு நிறத்தில் ஒரு புதுக் கரை விழுந்திருந்தது.

"மாப்ள, சாயம்..." என்றார் மாமா.

"முதல் தண்ணியில கொஞ்சம் போகும் மாமா. அப்புறம் நின்னுடும்" என்றேன். அப்போதும் என் வாய் நிற்கவில்லை.

ஆபீஸ் வாசலில் ஒரு புளியமரம். அதன் அடியில் ஒரு கிழவி ஆட்டை மேய விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். தனலட்சுமி எந்த அறைக்குப் போக வேண்டும் என்று போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள். பை இப்போது சரியாக ஆட்டின் வாய் உயரத்தில் இருந்தது. அரிசிக் கஞ்சி, கடலை எண்ணெய், ஈரமாக, இதமாக. ஆடு முதலில் ஓரத்தை நக்கியது. ருசி பிடித்துப்போய்க் கடித்து இழுத்தது. தனலட்சுமி திரும்பிப் பார்த்து "ஐயோ!" என்று கத்திப் பையை இழுத்தாள். ஆடும் விடவில்லை. நான் வீரமாகப் பாய்ந்து பையின் அடிப்பாகத்தைப் பிடித்து இழுத்தேன். ஒற்றை நூல் தையல், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை படபடவென்று பிரிந்தது. நான் அடிப்பாகத்தோடு சேற்றில் மல்லாந்து விழுந்தேன். மேல்பாகம் ஆட்டின் வாயில். நடுவில் இருந்தவை எல்லாம் தரையில்.

நடுவில் இருந்தவைதான் அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ட்ரெயினிங் சர்டிபிகேட், நன்னடத்தைச் சான்றிதழ். ஆடு பையின் பாதியை விட்டுவிட்டு, நன்னடத்தைச் சான்றிதழில் பாதியை எடுத்துக்கொண்டது.

"ஏன்யா, வாயில்லாச் சீவனுக்கு என்னத்தைய்யா குடுத்தே? அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா பாப்பே?" என்று கிழவி என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தனலட்சுமி அழவில்லை. ஒவ்வொரு காகிதமாக எடுத்து, சேலை முந்தானையால் ஒற்றினாள். ஒற்ற ஒற்றச் சாயம்தான் பரவியது. அப்படியும் விடாமல் ஒற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் நான் செய்த காரியம் எனக்கு முதன்முதலாக உறைத்தது. இரண்டு வருஷம் காத்திருந்தவள். தங்கைகள் படிப்பு. நான் என்னவோ என் கைவண்ணத்தைக் காட்ட ஆசைப்பட்டேன். எழுந்து, "இதெல்லாம் காஞ்சா சரியாயிடும்" என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீங்க" என்றாள். "எங்கயும் போயிடாதீங்க. பேர் கூப்பிட்டா என்கூட உள்ள வரணும்."

"நானா? எதுக்கு?"

"பின்ன ஆட்டையா கூட்டிட்டுப் போக முடியும்?"

அதிகாரி ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடி, காதோரம் நரை. எழுந்து நிற்கவில்லை. காகிதங்களை ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். சிவப்புச் சாயம் வேறு இடமே கிடைக்காத மாதிரி கணக்கு மார்க்கின் மேலேயே போய் உட்கார்ந்திருந்தது.

"அசல்ல மார்க்கை அழிச்சா அது எவ்வளவு பெரிய குற்றம்னு தெரியுமாம்மா?"

தனலட்சுமியின் முகம் வெளுத்துவிட்டது. "அழிக்கலைங்க. சாயம்" என்றாள்.

நான் முன்னால் வந்தேன். "மழைதாங்க காரணம். ஆடியில யாருங்க மழையை எதிர்பார்த்தா? அப்புறம் வாசல்ல ஒரு ஆடு. ஆபீஸ் காம்பவுண்டுல ஆடு மேயலாமாங்க? அந்தத் தோல் வித்த பாயும்..."

"மழை மேல தப்பில்லைங்க மேடம்" என்றாள் தனலட்சுமி. "ஆட்டு மேலயும் இல்லை, பாய் மேலயும் இல்லை. இவர் எனக்குப் பை செஞ்சு குடுத்தார். ஓரத்துக்குக் கஞ்சி போட்டு, சாயம் பூசியிருந்தார். நான் மஞ்சப் பையில கொண்டுவரேன்னு சொன்னேன். கேக்கலை."

அதிகாரி என்னைப் பார்த்தார். என் முதுகுப் பக்கமெல்லாம் சேறு. கையில் இன்னும் பையின் அடிப்பாகம் இருந்தது.

"தோலுக்குக் கஞ்சியா?"

"நாங்க உறையூருங்க" என்றேன், வேறு ஒன்றும் தோன்றாமல்.

அந்த அம்மாள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தப்பு யார் மேலன்னு தெளிவா இருக்கணும். அதை இவங்க பேப்பரோட வச்சு, டூப்ளிகேட் வாங்க மூணு மாசம் டைம் தரேன். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எழுதினேன். முதல் தாளில் மழையைப் பற்றி விஸ்தாரமாக எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். இரண்டாவது தாளில் ஆட்டின் பொறுப்பின்மையைச் சுட்டிக்காட்டியிருந்தேன். அதுவும் கிழிந்தது. தனலட்சுமி பக்கம் திரும்பினேன். நாற்காலி நுனியில், சாயம் படிந்த முந்தானையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தாளை எடுத்தேன்.

'மேற்படி பைக்கு வயிற்றுத் தோலைத் தேர்ந்தெடுத்ததும், அதன் ஓரங்களுக்கு மெழுகு தேய்க்காமல் அரிசிக் கஞ்சியும் அலசாத சாயமும் பூசியதும், ஒற்றை நூலால் தைத்ததும் நானே. மனுதாரர் வேண்டாம் என்று சொல்லியும் வற்புறுத்தி எடுத்துவரச் செய்தவனும் நானே. மழைக்கோ, ஆட்டுக்கோ, தோல் விற்றவருக்கோ இதில் சம்பந்தம் இல்லை. தப்பு முழுவதும் என்னுடையது.'

அதிகாரி இரண்டு தடவை படித்தார். "இப்ப சரி" என்று முத்திரை குத்தினார். பிறகு தனலட்சுமியை உட்காரவைத்துக் கேள்விகள் கேட்டார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

ஆவணியில் கல்யாணமும் நடந்தது, வேலைக்கு ஆர்டரும் வந்தது. கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று மாமா ஒரு வாரம் யோசித்தாராம். "வேண்டாம்ப்பா, எழுதிக் குடுத்துட்டாரு" என்று இவள் சொன்னாளாம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

அந்தத் தாள் மட்டும் அவளுடைய சர்வீஸ் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டது. அவள் மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் அதுவும் போனது. லால்குடியில், முசிறியில், துறையூரில், புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரை ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன்" என்பார். நானும் போய் நிற்பேன். ஸ்டாஃப் ரூமில் சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி கொடுப்பார்கள். என் பிள்ளைகளுக்கு அந்த வாசகம் மனப்பாடம். வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால்கூட, 'மழைக்கோ, ஆட்டுக்கோ இதில் சம்பந்தம் இல்லை' என்று ஒருவன் ஆரம்பிப்பான், இன்னொருத்தி முடித்துவைப்பாள். நான் இன்றுவரை ஒரு பொத்தான் தைத்ததில்லை. தைக்கவிட்டால்தானே?

அவள் ரிட்டயர் ஆனபோது பென்ஷன் காகிதங்கள் தயார் செய்த கிளார்க் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். டூப்ளிகேட் சர்டிபிகேட் எல்லாம் அந்த வருஷம் ஐப்பசியிலேயே வந்து சேர்ந்துவிட்டதாம். அதற்குப் பிறகு அந்தத் தாள் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லையாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக ஜில்லா முழுக்க என் மானம் கப்பலேறியிருக்கிறது, காரணமே இல்லாமல். அன்றைக்குச் சாயங்காலம், பிள்ளைகள் மருமகள் எல்லோரும் இருக்கும்போதே அவளைக் கேட்டேன்.

"அதை அப்பவே எடுத்துடச் சொல்லியிருக்கலாம்ல?"

"டூப்ளிகேட் குடுக்கப் போனப்ப அதிகாரி அம்மாவே எடுத்துடட்டுமான்னு கேட்டாங்க. நான்தான் இருக்கட்டும்னேன்."

"ஏன்?"

"கல்யாணம் ஆகி ரெண்டு மாசம் உங்களோட இருந்துட்டேனே. தப்பு என்னுதுன்னு இன்னொரு தடவை உங்க கையெழுத்துல வராதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. கிடைச்ச ஒண்ணையும் போய்க் கிழிப்பேனா?"

அப்படியெல்லாம் இல்லை, அவள் சொல்வது தப்பு என்று நான் அரை மணி நேரம் வாதாடினேன்.